கேள்வி கேட்பவர் மாறினால்…

நோன்புப் பெருநாளுக்காக அமெரிக்காவிலிருந்து ஊர் வந்திருந்த என் மைத்துனர், அன்றிரவு உணவு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி எல்லாரும் அமர்ந்திருந்த வேளையில் ஒரு பேச்சைத் தொடங்கினார். பல்லாண்டுகளாக அந்நாட்டில் வாழ்பவர் அவர். மாலை நேரத்தில் அவர் வீட்டார் தவறாது பார்க்கும் வினாடி வினா நிகழ்ச்சி ஒன்று உண்டு. 'ஜெப்பர்டி' என்பது அதன் பெயர்.

"அதை நடத்தினவர் 2020இல் இறந்துட்டார், மச்சான். இப்ப வேற ஒருத்தர் நடத்துறார். நல்லாத்தான் நடத்துறார். ஆனா பழைய மாதிரி இல்லை. அந்த நிகழ்ச்சியோட கதை முடிஞ்சுதுன்னுதான் எனக்குத் தோணுது" என்றார்.

கல்லூரியில் பயிலும் என் மகள் விடவில்லை. "தினமும் பார்க்கிறேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படி மாமா கதை முடிஞ்சுது?" என்று கேட்டாள். சுவரோரம் சாய்ந்திருந்த என் மாமியாரும் பேச்சில் சேர்ந்துகொண்டார். "அமிதாப்பச்சன் இல்லாம அந்தக் கோடி ரூவா நிகழ்ச்சிய யாரு பார்த்தா? ஆளு மாறினா எல்லாம் மாறிடும்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார்.

நான் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அது தொலைக்காட்சியைப் பற்றிய பேச்சு. எனக்கோ அது என்னைப் பற்றிய பேச்சாகவே பட்டது. ஏனெனில், 2017ஆம் ஆண்டு நானும் ஒருவர் விட்டுச் சென்ற இருக்கையில் போய் அமர்ந்தவன். "ஆள் மாறியது, எல்லாம் மாறிவிட்டது" என்னும் சொல்லை என் காதாலேயே கேட்டவன். அதை எழுத வேண்டுமென்று அன்றிரவே தோன்றியது. இத்தகைய நிகழ்ச்சிகளின் பரிசுப் பணத்தைப் பற்றி மார்க்க அடிப்படையில் எழும் வினாக்கள் தனியே பேச வேண்டியவை; அவை இக்கட்டுரையில் இடம்பெறவில்லை. நடத்துபவர் மாறினால் ஒரு நிகழ்ச்சி சரிந்துதான் போக வேண்டுமா என்பது ஒன்றே இங்கே என் கேள்வி.

முதலில் என் மாமியாரின் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம்.

2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் 'கோன் பனேகா கரோர்பதி' தொடங்கியபோது எனக்கு வயது இருபத்தொன்று. பி.ஏ. வரலாறு முடித்திருந்த காலம். உர்தூ ஓரளவு கற்றிருந்ததால் இந்திப் பேச்சு எனக்குப் புரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டுக் கூடத்தில் பெட்டியின் முன் ஒரு கூட்டமே அமர்ந்திருக்கும். நான் ஒவ்வொரு கேள்வியையும் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். என் நன்னி எழுத்தறியாதவர். ஆயினும் விடை சொல்பவரின் முகத்தைப் பார்த்தே, "இவனுக்குத் தெரியலே, சும்மா சொல்றான்" என்று கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

அந்நிகழ்ச்சி நம் நாட்டில் பிறந்ததன்று. 1998இல் பிரிட்டனில் கிறிஸ் டாரன்ட் என்பவர் நடத்தத் தொடங்கிய நிகழ்ச்சியின் இந்திய வடிவம் அது. பதினைந்து கேள்விகள், இறுதிக் கேள்விக்கு ஒரு கோடி ரூபாய், இடையே தடுமாறினால் மூன்று உதவிகள். இந்தச் சட்டகத்தை எந்த நாட்டிலும் பொருத்திவிடலாம். ஆனால் இங்கே அதற்கு ஒரு குரல் கிடைத்தது. திரையில் உச்சம் கண்ட நடிகர் சின்னத்திரைக்கு வருவது இறக்கமல்லவா என்று அன்று பலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தை அவர் சில வாரங்களிலேயே போக்கிவிட்டார். கணினியைக்கூட மரியாதையோடு 'கம்ப்யூட்டர்ஜி' என்றழைத்தார். எளிய ஊர்களிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தவர்களை விருந்தாளிகளைப் போல் அமர வைத்தார்.

2005இல் பரிசு இரண்டு கோடியாக உயர்ந்து இரண்டாம் பருவம் வந்தது. இடையில் அமிதாப் நோயுற்றதால் அது பாதியிலேயே நின்றது. மூன்றாம் பருவத்தை 2007 ஜனவரியில் ஷாருக்கான் ஏற்றார். அவர் திறமையில் குறைந்தவரல்லர். புகழில் அன்றைக்கு அவருக்கு இணையாக நின்றவர் மிகச் சிலரே. நகைச்சுவையும் துள்ளலும் போட்டியாளரைக் கட்டித் தழுவும் நெருக்கமுமாகத் தமக்கே உரிய வழியில் நடத்தினார். ஆயினும் ஒப்பீடு அவரை விடவில்லை. ஏப்ரலில் அப்பருவம் முடிந்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் நிகழ்ச்சியே இல்லை. 2010 அக்டோபர் 11ஆம் நாள், தம் பிறந்த நாளிலேயே, சோனி தொலைக்காட்சியில் அமிதாப் மீண்டும் வந்து அமர்ந்தார். 2025இல் நிகழ்ச்சிக்கு வெள்ளிவிழா ஆண்டு வந்தபோதும் அந்த நாற்காலியில் அவரே இருந்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

தமிழில் நடந்ததையும் நாம் அறிவோம். விஜய் தொலைக்காட்சியின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யை 2012இல் சூர்யா நடத்தினார். அடுத்த ஆண்டு பிரகாஷ்ராஜ், 2016இல் அரவிந்த்சாமி. மூவரும் தேர்ந்த கலைஞர்களே. ஆனால் ஒருவர் வேர்விடுவதற்குள் அடுத்தவர் வந்தார். ஒரு தலைமுறையின் நினைவில், "அந்த நிகழ்ச்சி என்றால் இவர்" என்று சொல்லும்படி ஒரு முகம் அங்கே பதியவில்லை.

ஆக, என் மாமியார் சொன்னது சரிதான் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மைத்துனரிடம் அந்த அமெரிக்க நிகழ்ச்சியின் வரலாற்றைத் துருவித் துருவிக் கேட்டும், பின்னர் தேடிப் படித்தும் அறியும் வரை.

ஜெப்பர்டியில் ஒரு புதுமை உண்டு. அங்கே தருவது விடை. போட்டியாளர் சொல்ல வேண்டியது அதற்குரிய கேள்வி. ஓர் ஆட்டத்தில் 61 குறிப்புகள். அரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். 1984இல் இதை நடத்த வந்தவர் அலெக்ஸ் ட்ரெபெக் என்னும் கனடா நாட்டவர். முப்பத்தாறு ஆண்டுகளில் 8,200க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். கணையத்தில் புற்றுநோய் என்பதை 2019 மார்ச்சில் அவரே மக்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுப் பணியையும் தொடர்ந்தார். 2020 நவம்பர் 8ஆம் நாள் இறந்தார். கடைசியாக அவர் ஒளிப்பதிவுக் கூடத்தில் நின்றது அதற்குப் பத்து நாள்களுக்கு முன்புதான்.

அவருக்குப் பின் ஒரே ஆண்டில் பற்பலர் மாறி மாறி வந்தனர். செய்தியாளர், மருத்துவர், விளையாட்டு வீரர், நடிகர் எனப் பலரும் சில வாரங்கள் வீதம் நடத்தினர். 2021 ஆகஸ்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் யார்? நிகழ்ச்சியின் தலைமைத் தயாரிப்பாளராக இருந்த மைக் ரிச்சர்ட்ஸ். ஆள் தேடும் பொறுப்பில் இருந்தவரே அந்த இருக்கைக்கு வந்ததை மக்கள் ஏற்கவில்லை. அவர் முன்னொரு காலத்தில் பேசிய தகாத பேச்சுகளும் வெளியாயின. ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ததோடு அவர் விலக நேர்ந்தது. பின்னர் மயிம் பியாலிக் என்னும் நடிகையும் கென் ஜென்னிங்ஸும் பகிர்ந்து நடத்தினர். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்த அன்றாட நிகழ்ச்சி ஜென்னிங்ஸின் பொறுப்பிலேயே நின்றது.

இந்த ஜென்னிங்ஸ் யார் தெரியுமா? 2004இல் அதே மேடையில் போட்டியாளராக நின்று, தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று, 25 லட்சம் டாலருக்கு மேல் பரிசு பெற்றவர். அவர் முதன்முதல் நடத்திய நிகழ்ச்சியில் ட்ரெபெக்குக்கு ஈடாக எவரும் வர இயலாது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்கினார். ட்ரெபெக்கின் மனைவி அளித்த, கணவருடைய சட்டைக் கைப் பொத்தான்களை அன்று அணிந்திருந்தார். நிகழ்ச்சி முடியவில்லை. அந்நாட்டில் மிகுதியானோர் பார்க்கும் நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே அது நிலைத்தது. ஒவ்வொரு மாலையும் அதன்முன் அமர்ந்துகொண்டே, "கதை முடிந்தது" என்கிறார் என் மைத்துனர்!

இன்னொரு செய்தியை அறிந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ட்ரெபெக்கே முதல்வரல்லர். ஜெப்பர்டி தொடங்கியது 1964இல். அன்று முதல் 1975 வரை அதை நடத்தியவர் ஆர்ட் ஃபிளெமிங். ட்ரெபெக் அவருக்குப் பின் வந்த 'புதியவர்'. ஈடிணையற்றவர் என்று இன்று எவரைச் சொல்லிக் கலங்குகிறார்களோ, அவரும் ஒரு காலத்தில் பிறர் இடத்துக்கு வந்தவரே!

இதைப் படித்தபோது என் கண்முன் நின்றவர் எங்கள் பெரிய ஹஜ்ரத் அவர்கள்.

எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவில் இரண்டாம் நாள் இரவு வினாடி வினா நடைபெறும். மாணவர்கள் மட்டுமன்று, ஊரே தெருத்தெருவாய் அணி பிரிந்து நிற்கும். மார்க்க வரலாறு, நாட்டு வரலாறு, புவியியல், அறிவியல், தமிழ் என எல்லாத் துறையிலும் கேள்விகள் உண்டு. இதை 1990 முதல் 2016 வரை, இருபத்தேழு ஆண்டுகள், பெரிய ஹஜ்ரத் நடத்தினார்கள். அவர்கள் கையில் ஒரு பித்தளை மணி இருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசிப்பார்கள். பிள்ளை பிழையான விடை சொன்னால், "தவறு" என்று ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். "அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்" என்பார்கள். கூட்டம் சிரிக்கும். பிழை செய்த பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும்.

1992இல் கீழத்தெரு அணியில் நானும் நின்றேன். "சீறாப்புராணத்தை இயற்றிய புலவர் யார்?" என்பது எனக்கு வந்த கேள்வி. விடை தெரியும். முதல் நாள்தான் படித்திருந்தேன். ஆனால் கூட்டத்தைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஹஜ்ரத் அவர்கள் கேள்வியை மெதுவாக இரண்டாம் முறை வாசித்தார்கள். அதற்குள் எனக்கு மூச்சு வந்தது. "உமறுப்புலவர்" என்றேன். மணி ஒலித்தது. அந்த ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது.

பார்வை மங்கியதால் 2016 விழாவுடன் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு என்னை நடத்தச் சொன்னது நிர்வாகம். நான் என்ன செய்தேன்? அவர்களைப் போலவே மணியை எடுத்தேன். அவர்களைப் போலவே இரண்டு முறை வாசித்தேன். "அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்" என்றும் சொன்னேன். கூட்டம் சிரிக்கவில்லை. முடிந்தபின் ஒரு சிறுவன் வந்து, "ஹஜ்ரத், நீங்க பெரிய ஹஜ்ரத் மாதிரியே பேசிக் காட்டினீங்களே, நல்லா இருந்துச்சு" என்றான். அவன் புகழ்ந்துதான் சொன்னான். எனக்கோ கூனிக் குறுகிப் போயிற்று. கேள்வி கேட்டவனாக அவன் என்னைக் காணவில்லை. வேடம் போட்டவனாகவே கண்டிருக்கிறான்.

எனவே 2018இல் எல்லாவற்றையும் மாற்றினேன். மணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அணிக்கொரு மின்பொத்தான், சுவரில் பெரிய திரை, கேள்விகள் வண்ண எழுத்தில் ஓடும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே வாய்ப்பு. விளைவு? துடுக்கான நான்கு பிள்ளைகள் கேள்வி முடியுமுன்னே அழுத்தி அழுத்தி இரவையே தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இடையில் மின்சாரம் வேறு போயிற்று. பெண்கள் பகுதியிலிருந்து பாதிப் பேர் எழுந்து சென்றுவிட்டனர். இதே சிக்கல் ஜெப்பர்டியிலும் இருந்தது என்பதையும், 1985 முதல் நடத்துபவர் குறிப்பை வாசித்து முடித்த பிறகே பொத்தான் இயங்கும் என்று விதியை மாற்றினார்கள் என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன். அன்று எனக்கு அது தெரியாது.

2019இல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "பெரிய ஹஜ்ரத்தோடு வினாடி வினாவும் போச்சு. இனிமே அந்த நேரத்துல ஒரு சொற்பொழிவு வச்சுக்கலாம்" என்றார். எவரும் மறுக்கவில்லை. நானும் தலைகுனிந்தே இருந்தேன். வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், "இந்த வருஷம் ஒரு தடவை பார்ப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். இருபத்தேழு ஆண்டுகளாய்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த ஒரு வாசல் என் கையால் அடைபடப் போகிறது என்னும் எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அந்த வாரமே மற்றொன்றும் நடந்தது. பழைய செலவுக் கணக்கு ஒன்றைத் தேடிய செயலாளர், பழைய நடவடிக்கைக் குறிப்பேடு ஒன்றை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார். 1991ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. புதிய ஆசிரியர் கேள்விகளை மிக மெதுவாக வாசிப்பதால், முன்பு நடத்தியவர் காலத்துக் கலகலப்பு வினாடி வினாவில் இல்லை என்று உறுப்பினர் ஒருவர் குறை கூறியதாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் 'புதிய ஆசிரியர்' வேறு யாருமல்லர், நம் பெரிய ஹஜ்ரத் அவர்களே!

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கண் தெரியாததால் நானே வாசித்துக் காட்டினேன். அவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். "அதைச் சொன்னது என் மச்சான்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்:

"தம்பி, கேள்வி வாசிக்கிறப்போ நீங்க எதைப் பார்க்கிறீங்க?"

"தாளைத்தான் ஹஜ்ரத்."

"நான் ஒரு வாரத்துக்கு முன்னாடியே எல்லாக் கேள்வியையும் மனசுல ஏத்திக்குவேன். தாளு கையில இருக்கும். கண்ணு பிள்ளை மேல இருக்கும். விடை தெரியாத பிள்ளையோட முகம் வேற. தெரிஞ்சும் வாய்க்கு வராத பிள்ளையோட முகம் வேற. அந்தப் பிள்ளைக்காகத்தான் ரெண்டாம் தடவை வாசிக்கிறது. ஒரு பிள்ளைக்கு மட்டும் வாசிச்சா வழக்கு வருமேன்னு எல்லாருக்கும் வாசிச்சேன்."

நான் பேச்சற்று அமர்ந்திருந்தேன். 1992இல் எனக்கு மூச்சு வரக் காரணமாயிருந்த அந்த இரண்டாம் வாசிப்பை, அவர்களுடைய வழக்கம் என்றே இருபத்தேழு ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது எனக்காக வாசிக்கப்பட்டது என்று அன்றுதான் அறிந்தேன். முதல் ஆண்டில் நான் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டேன், காரணத்தை விட்டுவிட்டேன். இரண்டாம் ஆண்டில் வழக்கத்தையும் சேர்த்து எறிந்துவிட்டேன்.

வாசகர்களே! நடத்துபவர் மாறியதால் ஒரு நிகழ்ச்சி சரிகிறதா என்னும் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். ஆள் மாறுவதால் மட்டும் அது சரிவதில்லை. முன்னவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்பதை அறியாமல் அதையே செய்தாலும் சரியும். அறியாமல் அதை மாற்றினாலும் சரியும். காரணத்தை அறிந்தவர் வந்தால், முறை எத்துணை மாறினாலும் நிகழ்ச்சி நிற்கும்.

ட்ரெபெக் ஒரு நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வார். அன்று வரவிருக்கும் குறிப்புகள் அனைத்தையும் முன்கூட்டியே படித்து, எழுதியவர்களோடு அமர்ந்து ஐயம் தெளிந்த பின்னரே மேடை ஏறுவார். நிகழ்ச்சியின் 'நட்சத்திரம்' என்று தம்மை அறிமுகம் செய்யலாகாது, நடத்துபவர் என்றே சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. நட்சத்திரங்கள் போட்டியாளர்கள்தாம் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் நிலைத்து நின்றவர், அந்த மேடையின் எதிர்ப்புறத்தில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்பதில் வியப்பென்ன? எதிரே நிற்பவரின் படபடப்பை அவர் அறிவார். பிரிட்டனில் 2018இல் டாரன்ட்டின் இடத்துக்கு வந்த ஜெர்மி கிளார்க்சனின் வழி வேறு. போட்டியாளர் நடத்துபவரிடமே உதவி கேட்கலாம் என்று ஒரு விதி புதிதாக வந்தது. தமக்குத் தெரியாதபோது தெரியவில்லை என்று அவரும் சொல்லிவிடுவார். முறை புதிது, ஆயினும் கண் போட்டியாளர் மீதே இருக்கிறது. 2000இல் என் நன்னி அந்தப் பெட்டியின் முன் அமர்ந்து பார்த்ததும் அமிதாபை அன்றே! விடை தேடித் தவித்த முகங்களைத்தானே அவர் பார்த்தார்? அம்முகங்களைத் தெளிவாகக் காட்டத் தெரிந்ததே அமிதாபின் திறம்.

பார்ப்பவர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பழகிய குரல் நின்றுவிட்டால் நெஞ்சு ஏங்குகிறது. அந்த ஏக்கத்தைப் புதியவரின் குறை என்று பெயரிட்டு அழைக்கிறோம். முன்னவரின் கடைசி ஆண்டைப் புதியவரின் முதல் ஆண்டோடு ஒப்பிடுகிறோம். முன்னவரின் முதல் ஆண்டோடு ஒப்பிடுவதில்லை. குடும்பம் முழுவதும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்த காலம் போய், ஆளுக்கொரு கைப்பேசி என்றாகிவிட்டது. பார்ப்போர் தொகை குறைந்தால் அந்தப் பழியும் புதியவர் தலையிலேயே விழுகிறது. இது நீதியாகுமா?

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இழப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. "அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்" என்னும் சொல்லை அந்தக் குரலில் இனி எவரும் சொல்ல இயலாது. அதை நான் மீண்டும் சொல்ல முயலவும் இல்லை. 2019 விழாவில் மணியை வெளியே எடுத்தேன், மின்பொத்தான்களை எடுத்துவிட்டேன், திரையை வைத்துக்கொண்டேன், பின்வரிசைப் பெண்களுக்குக் கேள்வி தெரிய வேண்டுமே! கேள்விகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாசித்தேன். பிழையான விடைக்கு, "நல்ல முயற்சி; சரியானதைச் சேர்ந்து தேடுவோம்" என்று என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பெரிய ஹஜ்ரத் முன்வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொற்பொழிவைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. கூட்டம் பழைய அளவுக்கு வரவில்லை என்பதும் உண்மை.

தொற்று நோயால் இரண்டாண்டுகள் விழா நடக்கவில்லை. 2021இல் பெரிய ஹஜ்ரத் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. 2022இல் மேடையேறியபோது முன்வரிசையில் அவர்கள் அமரும் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார். முதல் கேள்வியை வாசிக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

அமிதாபின் நிகழ்ச்சியை நினைக்கும்போது எனக்கு ஒரு கவலை தோன்றுவதுண்டு. 2007இல் ஒரு முறை மாற்றிப் பார்த்து, பிறகு பழையவரையே அழைத்து வந்து அமர்த்தினார்கள். அது அவருக்குப் பெருமை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் அருகே நின்று பழகிய இன்னொருவரை நாம் கண்டதில்லை. ஜெப்பர்டியிலும் அவ்வாறு ஒருவர் முன்கூட்டியே ஆயத்தமாக்கப்படாததால்தானே அந்த ஓராண்டுத் தடுமாற்றம்? எங்கள் ஊரிலும் அவ்வாறே நேர்ந்தது. பெரிய ஹஜ்ரத் இருக்கும்போதே ஒரு சுற்றையேனும் என்னை நடத்தச் சொல்லியிருந்தால், என் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படி வீணாகியிரா. அது அவர்கள் குறையன்று. எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை.

ஆகவே சென்ற ஆண்டு விழாவில் இறுதிச் சுற்றை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தேன். வயது பத்தொன்பது. 2018இல் மின்பொத்தானின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளுள் ஒருவர் அவர். ஒரு வாரம் என்னோடு அமர்ந்து கேள்விகளை மனத்தில் ஏற்றிக்கொண்டார். மேடையில் குரல் நடுங்கியது. மணியை இரண்டு முறை தவறான இடத்தில் அடித்தார். ஆனால் புதுத்தெரு அணியின் சிறுமி ஒருத்தி விடை வாய்க்கு வராமல் தவித்தபோது, தாளைப் பாராமல் அவள் முகத்தைப் பார்த்து, கேள்வியை இரண்டாம் முறை மெதுவாக வாசித்தார்.

எனக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: "என்னதான் இருந்தாலும் நம்ம ஹஜ்ரத் நடத்துற மாதிரி வராது."

அவர் சொன்னது என்னை! எழுந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, மணி ஒலிப்பதற்காகக் காத்திருந்தேன்.